வெயில் அடித்தால் பெருகும் ஆறு

தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆறு எப்போது பெருகும், எப்போது வடியும், எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்பதெல்லாம் சிறு வயதிலேயே பழகிவிட்டது என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அந்த நம்பிக்கையோடுதான் 2024 ஜூலை முதல் வாரத்தில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள ஹூட் மலையை, முதுகில் கூடாரமும் நான்கு நாள் உணவும் சுமந்து தனியாகச் சுற்றிவரப் புறப்பட்டேன். நடை முடியவில்லை. கைப்பேசி, மூக்குக் கண்ணாடி, ஏறத்தாழ 1,600 டாலர் பணம் ஆகியவற்றை இழந்தேன். வீட்டில் இருந்தவர்களை ஓர் இரவு முழுவதும் உறங்கவிடாமல் செய்தேன். இவற்றில் பெரும்பகுதி மலையில் கால் வைப்பதற்கு முன்பே, வீட்டில் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து திட்டம் போட்டபோதே முடிவாகிவிட்டது என்பது பின்னர்தான் புரிந்தது. இதைப் போன்ற நடைக்குத் திட்டமிடும் ஒருவருக்காவது உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஹூட் மலை ஆரிகனின் மிக உயர்ந்த சிகரம். 11,200 அடிக்கு மேல் உயரம், கோடையிலும் வெண்மை குறையாத எரிமலை. போர்ட்லாண்டில் நாங்கள் குடியிருக்கும் பகுதியிலிருந்து வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் அது தெரியும். அதன் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல ஓடுவதுதான் டிம்பர்லைன் பாதை. 1930களில் வெட்டப்பட்டது, நீளம் சுமார் 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர். பெரும்பாலானோர் தெற்குச் சரிவில் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜில் தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் நடந்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் அதே இடத்திற்குத் திரும்புகிறார்கள். பாதை சமதளத்தில் போவதில்லை. சாண்டி ஆற்றுப் பக்கம் 3,300 அடி அளவுக்கு இறங்கி, கிழக்கில் 7,300 அடிக்கு மேல் ஏறுகிறது; ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 9,000 அடிக்குக் குறையாது. இதற்கு வடக்கே, வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ரெய்னியர் மலையைச் சுற்றும் 93 மைல் பாதைக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஹூட் மலைக்கு அந்தத் தொல்லை இல்லை. பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நாமே பெயர் எழுதிப் பையில் கட்டிக்கொள்ளலாம், கட்டணமும் கிடையாது. அனுமதி எளிதாகக் கிடைத்ததால் நடையும் எளிதாகத்தான் இருக்கும் என்று என் மனம் எண்ணிக்கொண்டது.

நான் போட்ட கணக்கு இதுதான். ஜூலை 4 அமெரிக்க விடுதலை நாள். அந்த ஆண்டு வியாழக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் விடுப்பு எடுத்தால் நான்கு நாட்கள் கிடைக்கும். 40 மைலை நான்கால் வகுத்தால் நாளுக்குப் பத்து மைல். அந்தப் பத்து மைலின் முடிவில் தண்ணீரும் கூடாரம் போட இடமும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஞாயிறு மாலை நடை முடிந்ததும் உடல் வலிக்கு ஓய்வு வேண்டும் என்று மலையடிவாரத்தில் ஒரு விடுதி அறைக்கு 290 டாலர் முன்பணமும் கட்டினேன். புறப்படும் வாரத்தில் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நான்கு நாட்களும் மேகமே இல்லை, மழைக்கு வாய்ப்பே இல்லை, போர்ட்லாண்டில் வெப்பம் 100 பாரன்ஹீட்டைத் தொடும் என்று இருந்தது. நல்ல நாளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த முன்னறிவிப்பு எனக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் மழை பெய்தால் ஆறு பெருகும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் வந்ததும் மழையால்தான். பனி மலையில் பிறக்கும் ஆறோ வெயில் அடித்தால் பெருகுகிறது. மேலே பனியாறுகள் பகல் முழுதும் உருக, அந்த நீர் கீழே வந்து சேரும் பிற்பகலிலும் மாலையிலும் ஆறு உச்சத்தில் இருக்கும். இரவுக் குளிரில் உருகல் குறைந்து, விடியற்காலையில் மிகத் தாழ்ந்திருக்கும். இதை நான் படிக்காமல் இல்லை. படித்தபோது அது ஒரு தகவலாக மனத்தில் நின்றதே தவிர, என் நாள்திட்டத்தின் ஒரு மணி நேரத்தைக்கூட அது மாற்றவில்லை.

முதல் நாள் காலை ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்கினேன். பை 34 பவுண்டு இருந்தது. சிக்சாக் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறியதும், ஊதா நிற லூபின் பூக்கள் மண்டிய சரிவுகளும் மனத்திற்கு இதமாக இருந்தன. மாலை நான்கு மணி அளவில் சாண்டி ஆற்றை அடைந்தேன். 1805இல் இந்தப் பக்கம் வந்த லூயிஸ், கிளார்க் பயணக் குழு இதன் கழிமுகத்தில் குவிந்திருந்த மணலைப் பார்த்துப் 'புதைமணல் ஆறு' என்று பெயரிட்டதாம்; அந்தப் பெயர் தேய்ந்துதான் சாண்டி ஆயிற்று. நீர் சிமெண்ட் கரைத்தது போலச் சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பனியாறு பாறையை அரைத்து உண்டாக்கும் மாவு அது. அந்த நீரில் அரையடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. இந்தப் பாதையில் பனியாறுகளிலிருந்து வரும் பெரிய ஓடைகள் எதிலும் பாலம் இல்லை. சாண்டி ஆற்றில் சற்றுக் கீழே கோடைகாலத்துக்கென்று ஒரு மரப்பாலம் வைப்பார்கள். 2014 ஆகஸ்டில் திடீர் வெள்ளம் அதை அடித்துச் சென்று ஒருவர் உயிரிழந்த பிறகு அதையும் வைப்பதில்லை. அன்று என்னோடு வந்து சேர்ந்த ஓர் இளம் தம்பதி மேலும் கீழும் அலைந்து, ஆறு மூன்று கிளைகளாகப் பிரியும் அகன்ற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து முழங்கால் அளவு நீரில் கடந்துவிட்டேன். பிறர் உதவியால் கடந்ததை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். பிரிந்து ஓடும் அகன்ற பகுதியைத் தேட அரை மணி நேரம் நடந்தாலும் தகும் என்ற நல்ல பாடத்தை அவர்கள் கண்முன் காட்டியும், நான் அதைக் கவனிக்கவில்லை.

அன்று மாலை செய்த இன்னொரு பிழை சிறியதுதான். ஆனால் மூன்று நாட்கள் துரத்தியது. முகாம் போட்டதும் இரண்டு புட்டிகளிலும் சாண்டி ஆற்று நீரையே நிரப்பி வடிகட்டியில் ஊற்றினேன். பாறை மாவு வடிகட்டியின் நுண்துளைகளை அடைத்துவிட்டது. அதன்பின் ஒரு லிட்டர் நீர் வடியக் கால் மணி நேரம் பிழிய வேண்டியிருந்தது. சாம்பல் நிற நீரைத் தொடவே வேண்டாம். ஊற்றுகளிலிருந்தும் பக்கவாட்டுச் சிற்றோடைகளிலிருந்தும் வரும் தெளிந்த நீர் இந்தப் பாதையில் தாராளமாகக் கிடைக்கும். வேறு வழியே இல்லையென்றால் பாத்திரத்தில் இரவு முழுதும் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை ரமோனா அருவியைப் பார்த்துவிட்டு, ஏழரை மணிக்கு மடி ஃபோர்க் ஓடையைக் கணுக்கால் நனைய எளிதாகக் கடந்தேன். முந்தின நாள் மாலை சாண்டி ஆறு அப்படி இருந்ததற்கும் இது இப்படி இருப்பதற்கும் காரணம் கடிகாரம்தான் என்பது அப்போதாவது உறைத்திருக்கலாம். இது சிறிய ஓடை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஐயாயிரத்து ஐந்நூறு அடியைத் தாண்டியதும் காட்டுக்குள் பனித் திட்டுகள் தொடங்கின. முதலில் பத்தடி, பிறகு ஐம்பதடி, கெய்ர்ன் பேசின் நெருங்கும்போது பாதையே இல்லை. ஜூலை முதல் வாரத்தில் பனி இருக்குமா என்று என்னை யாராவது கேட்டிருந்தால் உச்சியில் இருக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன். வடக்குச் சரிவு வெயில் படாத பக்கம். அங்கே பனி கரைந்து பாதை வெளியே வர ஜூலை கடைசி ஆகிவிடும், பனி அதிகம் விழுந்த ஆண்டில் ஆகஸ்டும் ஆகும். மரங்களுக்கிடையே கைப்பேசியின் வரைபடத்தைப் பார்ப்பதும், இருபது அடி நடப்பதும், மறுபடி பார்ப்பதுமாக ஒன்றரை மைலுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. மதிய வெயிலில் இளகிய பனியில் கால் தொடை வரை புதைந்தது. பாறை ஓரத்திலும் மரத்தூர் ஓரத்திலும் பனி உள்ளே குழிந்திருக்கும். அங்கேதான் கால் உள்ளே போகிறது. ஓரிடத்தில் காலடியில் நீர் ஓடும் ஓசை கேட்டது. பனிக்குக் கீழே ஓடை. அந்த ஓசை கேட்டால் வந்த தடத்திலேயே பின்வாங்கிச் சுற்றிப் போக வேண்டும்.

அன்று எல்க் கோவ் வரை போயிருக்க வேண்டும். மூன்றரை மைல் முன்னதாகவே கெய்ர்ன் பேசினில் கூடாரம் போட்டேன். 2011இல் மின்னல் மூட்டிய தீயில் இந்த வடக்குச் சரிவின் காடு பெருமளவு எரிந்துபோனது. பட்டை உரிந்து சாம்பல் நிறத்தில் நிற்கும் மரங்கள் காற்றில் முனகின. அவற்றின் அடியில் கூடாரம் போடக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. பச்சை மரங்களாகப் பார்த்து ஒதுங்கினேன். கொசு, சொல்லி மாளாது. பனி உருகும் ஈரத்தில் ஜூலை முழுவதும் அவற்றின் ராஜ்யம்தான். தலைவலை இல்லாமல் உணவு வாயில் வைக்க முடியவில்லை.

உணவு ஒன்றில்தான் நான் செய்தது சரியாக அமைந்தது. கடையில் விற்கும் உலர்த்திய மலைநடை உணவு ஒரு வேளைக்கு 12 டாலருக்கு மேல் ஆகிறது. நான் கொண்டுபோனது கெட்டி அவல், புளிக்காய்ச்சல், வறுத்த நிலக்கடலை, பருப்புப் பொடி, நெய், கடலை மிட்டாய். அவலுக்குக் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும், எரிவாயு மிச்சம். அரிசியைத் தவிர்த்துவிடுங்கள், உயரத்தில் வேக நேரமாகும். நாளுக்கு 700 கிராம் உலர் உணவு எனக்குப் போதுமானதாக இருந்தது. நெய்யை மட்டும் திருகு மூடியுள்ள சிறு புட்டியில் எடுத்துச் செல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கே எழுந்தேன். இழந்த மூன்றரை மைலை மீட்க வேண்டும் என்ற தவிப்பு. ஆனால் மாலையில் தொடை வரை புதையவிட்ட பனி, காலையில் கண்ணாடி போல இறுகிக் கிடந்தது. செங்குத்தான சரிவில் இரண்டு அடி வைத்ததுமே கால் வழுக்கி, எட்டுப் பத்தடி கீழே சறுக்கி ஒரு புதரில் மோதி நின்றேன். காலணியில் மாட்டும் முள்சங்கிலி அறுபது எழுபது டாலர்தான்; கோடைக்கு எதற்கு என்று வாங்காமல் விட்டிருந்தேன். பனி இளகட்டும் என்று ஒன்பது மணி வரை ஒரு பாறையில் அமர்ந்திருந்தேன். இந்த நடையின் முழுச் சிக்கலும் அந்தப் பாறையில் அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. ஜூலைத் தொடக்கத்தில் பனிச்சரிவைக் கடக்க வெயில் ஏறியிருக்க வேண்டும். ஆற்றைக் கடக்க வெயில் ஏறுவதற்கு முன் அங்கே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடக்காது. முள்சங்கிலியும் பனிக்கோடரியும் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அதிகாலையிலேயே பனியைத் தாண்டிவிடலாம். அது தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு வழி ஒன்றுதான்: பனி கரையும் வரை மாதத்தைத் தள்ளிப் போடுவது. ஆகஸ்டில் ஆற்றின் நேரத்தை மட்டும் பார்த்தால் போதும். விடுமுறை எந்த வாரத்தில் வருகிறது என்பதைப் பார்த்து நாள் குறித்தேனே, அதுதான் ஆணிவேரான தவறு.

எல்க் கோவ் தாண்டிக் கோ ஓடையை ஒரு மணிக்குப் பயந்துகொண்டே கடந்து, நான்கு மணிக்கு எலியட் ஓடையின் மேற்குக் கரையை அடைந்தேன். 2006 நவம்பரில் வந்த வெள்ளத்தில் இங்கே பாதையே அடித்துச் செல்லப்பட்டு, பத்தாண்டுக் காலம் மூடிக்கிடந்து, பிறகுதான் புதிய பாதை வெட்டினார்கள். சரளைக் கற்கள் சரியும் சரிவில் இறங்கும்போதே அந்த ஓசை கேட்டது. நீருக்கு அடியில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் ஓசை. பெரிய அம்மியில் குழவியைத் தூக்கித் தூக்கிப் போடுவது போல, அடிவயிற்றில் வந்து இடித்தது. அந்த ஓசை கேட்கும் ஆற்றில் முழங்கால் அளவு நீர் இருந்தாலும் இறங்கக் கூடாது. உருளும் ஒரு கல் காலை முறித்துவிடும். கரைக்குச் சற்று மேலே அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் தம் கூடாரத்தின் முன் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கே வந்துவிட்டாராம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த மலையில் தாம் ஆறு முறை சுற்றியிருப்பதாகவும், மாலை ஆற்றோடு ஒருபோதும் வாதாடுவதில்லை என்றும் சொன்னார். அவருக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு இருவரும் இறங்கியபோது நீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. முந்தின மாலை பார்த்த ஆறுதானா என்று சந்தேகம் வந்தது. கடக்கும் முன் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடச் சொன்னார். விழுந்தால் பை நம்மை நீருக்குள் அழுத்தாமல் அதை உதறிவிட்டு எழலாம். காலணியைக் கழற்றக் கூடாது, நீர் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், நடைக்கோலை முன்னால் ஊன்றி மூன்றாவது கால் ஆக்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர வேண்டும், எதிர்க்கரையைப் பார்க்க வேண்டுமே தவிர ஓடும் நீரைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

அவர் கிளவுட் கேப்பில் நடையை முடித்துக்கொண்டார். அங்கே சாலை வருகிறது. அவரை அழைத்துப் போக மகன் வந்திருந்தார். என்னையும் வரச் சொன்னார். அது நான்காம் நாள் காலை ஏழரை மணி. இன்னும் பதினைந்து மைலுக்கு மேல் பாக்கி. மூன்று ஆறுகள் பாக்கி. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஒரு முக்கியமான கூட்டம் இருந்தது, அன்றிரவுக்கு 290 டாலர் அறை காத்திருந்தது, என் காரோ மலையின் மறுபக்கத்தில் நின்றது. இந்த மூன்றையும் நினைத்துக்கொண்டு மறுத்துவிட்டேன். மனத்துக்குள் தோல்வியைச் சொல்லக் கூசியதும் ஒரு காரணம். அந்த மறுப்பை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கூப்பர் ஸ்பர் பக்கம் ஏறி, பாதையின் உச்சிப் பகுதியில் பரந்த பனித்தளங்களை இளகிய பனியில் கடந்து, நார்ல் முகட்டு வழியாக இறங்கி நியூட்டன் ஓடைக்கு வரும்போது மாலை நான்கே கால். அன்றுதான் வெப்பம் மிகக் கடுமையாக இருந்தது. ஆறு சாம்பல் நிறத்தில், கரை தளும்ப, நடுவில் திமில் போல எழும்பி ஓடியது. காலையில் கேட்ட அறிவுரைகள் ஒவ்வொன்றும் நினைவில் இருந்தன. இங்கேயே தங்கிக் காலையில் கடந்தால் என்ன என்று பத்து நிமிடம் நின்று யோசித்தேன். உணவு ஒரு வேளைக்கு இருந்தது. ஆனால் ஆறு மணிக்குள் கணவருக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன். இந்தப் பக்கத்தில் கைப்பேசிக்குச் சமிக்ஞை இல்லை. தவறினால் அவரும் மகளும் பயப்படுவார்களே என்ற பதற்றம்தான் என்னை ஆற்றில் இறக்கியது. இடுப்புப் பட்டையைக் கழற்றினேன். மார்புப் பட்டையை மறந்துவிட்டேன்.

ஐந்தாறு அடி வரை சரியாகவே இருந்தது. அடுத்த அடியில் கல் புரண்டது. நீர் தொடைக்கு ஏறியதும் கால் தரையை விட்டது தெரிந்தது. அதன்பின் தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறமும் இரைச்சலும்தான். மார்புப் பட்டை தொண்டைக்கு ஏறி இறுக்கியது. இருபது முப்பது அடி உருட்டிச் சென்ற நீர் இடது முழங்காலை ஒரு பாறையில் மோதி என்னை நிறுத்தியது. அது எதிர்க்கரையை ஒட்டிய பாறையாக இருந்தது என் நல்லூழ். கையையும் முழங்கையையும் ஊன்றித் தவழ்ந்து மேலே வந்தேன். பட்டைக் கொக்கியைக் கழற்ற விரல்கள் மடங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்ததும், பல்லில் மணல் நெறுநெறுத்ததும் நினைவிருக்கிறது. மூக்குக் கண்ணாடி போயிருந்தது. ஒரு நடைக்கோல் போயிருந்தது. கால்சட்டைப் பையில் இருந்த கைப்பேசி உயிர்விட்டிருந்தது. வெகுநேரம் அழுதேன். ஆற்றங்கரையில் பிறந்தவள் ஆற்றில் போனாள் என்று அம்மாவுக்குச் செய்தி போயிருக்குமே என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

முதுகுப்பைக்கு மழையுறை போட்டிருந்தேன். மழையுறை மேலிருந்து வரும் நீரைத்தான் தடுக்கும். ஸ்லீப்பிங் பேக்கின் பாதி நனைந்து, உள்ளே இருந்த இறகு கட்டிகட்டியாகச் சேர்ந்து சூட்டைக் காக்கும் தன்மையை இழந்துவிட்டது. உயிரைக் காத்தது இரண்டு டாலர் குப்பைப் பை ஒன்று. ஒரு மாற்றுக் கம்பளி உள்ளாடையையும் காலுறையையும் தீப்பெட்டியையும் அதில் போட்டு இறுகக் கட்டி வைத்திருந்தேன். தடித்த பெரிய நெகிழிப் பையை முதுகுப்பைக்குள் விரித்து, ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுடையையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிவிட்டால் போதும். ஆற்றில் விழுந்தாலும் நனையாது, பையும் சற்று மிதக்கும். அந்த வெப்ப அலை இல்லாத ஒரு சாதாரண இரவாக இருந்திருந்தால் அந்த ஈரத்தில் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை, கிட்டப்பார்வையுள்ள கண்ணோடும் வீங்கிய முழங்காலோடும், ஓடையை ஒட்டி நெடுஞ்சாலைப் பக்கம் இறங்கும் கிளைப்பாதையில் நடந்தேன். சுற்றை முடிக்கும் எண்ணம் கைவிட்டுப்போயிருந்தது. மூன்று மைலுக்கும் குறைவான தூரம். நான்கு மணி நேரம் ஆயிற்று. எட்டடிக்கு அப்பால் கல்லும் வேரும் ஒன்றாகத் தெரிந்தன. பார்வைக்குக் கண்ணாடியை நம்பி இருப்பவர்கள் மாற்றுக் கண்ணாடி இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள். போட்டிருப்பதற்கும் கழுத்துக் கயிறு மாட்டுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குடும்பம் தங்கள் கைப்பேசியைக் கொடுத்து உதவியது. கணவர் முதல் மணியிலேயே எடுத்தார். "எங்க இருக்க? உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டவர் அதன்பின் சிறிது நேரம் பேசவில்லை. முந்தின இரவு பதினொரு மணிக்கே அவர் தகவல் கொடுத்துவிட்டார். ஆரிகனில் காணாமற்போனவர்களைத் தேடும் பொறுப்பு அந்தந்தக் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்துடையது. நான் எந்தத் திசையில் சுற்றுகிறேன், எந்த இரவு எங்கே தங்குவேன் என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவரிடம் விடை இல்லை. நாற்பது மைல் வட்டத்தில் என்னை எங்கே தேடுவது? பன்னிரண்டு வயது மகள் என் மடிக்கணினியைத் திறந்து என் திட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.

கைப்பேசி 800, கண்ணாடி 380, தங்காத அறைக்கு 290, நடைக்கோல் 70, மருத்துவரிடம் என் பங்காக 60. முழங்கால் சரியாக ஏழு வாரங்கள் ஆயின. திங்கள், செவ்வாய் இரு நாட்களும் விடுப்பில் கழிந்தன. முக்கியம் என்று நான் நினைத்த கூட்டம் நான் இல்லாமலே நடந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் நடுவில் மறுபடி போனேன். இம்முறை வரைபடத்தில் முதலில் குறித்தது ஆறுகளை. ஒவ்வோர் இரவும் ஒரு பெரிய ஆற்றின் இந்தப் பக்கத்தில், அதிகாலையில் எட்டும் தொலைவில் தங்குவது என்று வைத்துக்கொண்டேன். முதல் இரவு சாண்டிக்கு மேலே; மறுநாள் காலை சாண்டியும் மடி ஃபோர்க்கும். இரண்டாம் இரவு எல்க் கோவ். மறுநாள் ஒன்பது மணிக்குள் கோ ஓடையும் எலியட் ஓடையும். மூன்றாம் இரவு நியூட்டனின் வடகரை. கடைசி நாள் முற்பகலுக்குள் நியூட்டன், கிளார்க், ஒயிட் ரிவர் மூன்றும். இப்படிப் போட்டபோது ஒரு நாளுக்கு ஏழு மைலும் இன்னொரு நாளுக்குப் பதிமூன்று மைலும் வந்தன. வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது நாளுக்கும் விடுப்பும் உணவும் வைத்துக்கொண்டேன், அறை எதுவும் பதிவு செய்யவில்லை. ஆகஸ்ட் கடைசிக்குப் போனால் காட்டுத்தீயாலும் புகையாலும் பாதையை மூட நேரலாம் என்பதால், புறப்படும் நாள் காலையிலும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டேன். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை வாங்கினேன். மாதச் சந்தா உண்டு என்பதால் முதல் முறை வேண்டாம் என்று விட்டது அதுதான். திசை, முகாம்கள், வெளியேறும் வழிகள், எந்த நேரம் வரை செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஆறு மணிக்குக் கூப்பிடுவேன் என்று சொல்லாமல், மறுநாள் நண்பகல் வரை பொறுத்திருங்கள் என்று எழுதினேன். ஒரு நேரத்திற்குக் கட்டுப்பட்டு ஆற்றில் இறங்கும் நிலை மறுபடி வரக் கூடாது.

கடைசி நாள் காலை ஐந்து ஐம்பதுக்கு நியூட்டன் ஓடையில் நின்றேன். கை நடுங்கியதை மறைக்கவில்லை, மறைக்க அங்கே யாரும் இல்லை. இரண்டு பட்டைகளையும் கழற்றினேன். இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடந்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது நடைக்கோலில் ஈரம் ஏறிய உயரம் ஒரு சாணும் நான்கு விரலும் இருந்தது. போன ஆண்டு என்னை நிறுத்திய பாறை நீருக்கு வெளியே உலர்ந்து கிடந்தது. கருவியில் 'நியூட்டன் தாண்டியாயிற்று' என்று தட்டி அனுப்பினேன். கிளார்க் ஓடைக்கு நடக்கத் தொடங்கிய பிறகு மகளின் பதில் வந்தது: "அடுத்தது எத்தனை மணிக்கு அம்மா?"